பதிவுக் கட்டணம் 300 ரூபாய், வேலை எங்கே?



சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடக்கிற எவரும் கல்லூரி விளம்பரப் பலகைகளைப் பார்க்காமல் போக முடியாது. உழவன் மகனையும் ஆலைத் தொழிலாளி மகளையும் கம்ப்யூட்டர் நிபுணர்களாக ஆக்கிவிடுவதாக அவை சத்தியம் செய்கின்றன. அந்தச் சத்தியத்தை நம்பித்தான் சின்ன வெங்காயக் காட்டில் களை எடுத்த காசையும், அரியலூர் சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை பார்த்த காசையும், எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிய காசையும் கொண்டுபோய்க் கட்டுகிறோம். மூன்று வருஷம் படித்து முடித்த பிறகும் உத்தியோகம் இல்லை. "மேலே படி" என்கிறார்கள். எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றும் எம்.சி.ஏ. என்றும் இன்னும் இரண்டு வருஷம் போகிறது. அந்த இரண்டு வருஷத்திற்குள் நடத்தப்படுகிற ஒரு கூத்தைப் பற்றித்தான் இந்த வாரம் நாம் எழுத வேண்டியிருக்கிறது.

சிம்போசியம், செமினார், வொர்க்‌ஷாப், கெஸ்ட் லெக்சர், ஹேக்கத்தான், பிளேஸ்மெண்ட் டிரெயினிங்... இப்படி அதற்குப் பல பெயர்கள். தமிழில் கருத்தரங்கு, பயிலரங்கு, வேலைவாய்ப்பு வழிகாட்டல் முகாம் என்பார்கள். ஊர்த் திருவிழாவில் தேரும் சாமியும் உண்டு. இங்கே பிளெக்ஸ் போர்டும் பொன்னாடையும் உண்டு. குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். கல்லூரித் தலைவரைப் புகழ அரைமணி, வந்த விருந்தாளியைப் புகழ அரைமணி. பிறகு "பேப்பர் பிரசண்டேஷன்", "டெக்னிக்கல் குவிஸ்". சாயங்காலம் கையில் ஒரு சான்றிதழ். மறுநாள் பழையபடி வகுப்பு. வேலை மட்டும் வந்த வழியைக் காணோம்!

"பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள் நீங்கள், கம்ப்யூட்டர் விஷயத்தில் உங்களுக்கு என்ன தெரியும்?" என்று சில கனவான்கள் கேட்கக்கூடும். கம்ப்யூட்டர் நமக்குத் தெரியாதுதான். கூலிக் கணக்கு தெரியும். அதை வைத்தே பேசுவோம்.

யாருடைய பணம்?

ஆண்டிமடம் பக்கத்துத் தோழர் ஒருவர் தம் மகளுக்கு வந்த அழைப்பிதழ் ஒன்றை நமது சங்க ஆபீசுக்குக் கொண்டுவந்து காட்டினார். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றவற்றைத் தப்பவிடுவது நியாயமாகாது. ஒரு நாள் கருத்தரங்கு. பதிவுக் கட்டணம் 300 ரூபாய். பஸ் கட்டணம் தனி. கட்டுரை அச்சடித்துக் கொண்டுபோகும் செலவு தனி. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஆக, தாய் ஒரு நாள் முழுவதும் வெயிலில் மண் வெட்டிய கூலி, மகள் ஒரு நாள் ஏ.சி. மண்டபத்தில் உட்கார்ந்து பிறர் புகழ்ச்சியைக் கேட்பதற்குப் போய்விடுகிறது. அந்த 336-ம் முழுசாகக் கைக்கு வந்தால்தானே?

இது ஒரு தடவை நடக்கிற செலவு என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். "இன்டர்னல் மார்க்குக்கு இது வேண்டும்", "பயோடேட்டாவில் நாலு சான்றிதழாவது இருக்க வேண்டும்" என்று சொல்லிச் சொல்லியே பணம் கறக்கப்படுகிறது. கொடுக்க முடியாத பிள்ளை வகுப்பில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறது. "பிரியப்பட்டவர்கள் மட்டும் கட்டலாம்" என்று அழைப்பிதழில் இருக்கலாம். ஆலையில் "பிரியப்பட்டவர்கள் ஓவர்டைம் பார்க்கலாம்" என்று போடுகிற நோட்டீசைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்தப் பிரியத்தின் லட்சணம் தெரியும்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் அவை முதல் பட்டத்தோடு நின்றுவிடும் திட்டங்கள். மேற்படிப்புக்குள் காலடி வைத்தவுடன் அந்த ஆயிரம் நின்றுவிடுகிறது. கட்டணச் சீட்டுகளோ அங்கேதான் அதிகமாக நீட்டப்படுகின்றன.

போட்டோவுக்காக ஒரு கருத்தரங்கு

இத்தனை விழாக்கள் எதற்காக? மாணவனுக்கு அறிவு வளர வேண்டும் என்ற கவலையா? அதன் சூத்திரம் வேறிடத்தில் இருக்கிறது.

பெங்களூரில் தலைமையகம் உள்ள நாக் என்ற அமைப்பு 1994-ல் ஏற்படுத்தப்பட்டது. கல்லூரிகளைச் சோதித்துத் தரம் போடுவது அதன் வேலை. ஏ, ஏ பிளஸ், ஏ டபுள் பிளஸ் என்று கல்லூரி வாசலில் மினுக்குகிறதே, அந்த முத்திரைதான். அதைப் பெறுவதற்குக் கல்லூரி ஒரு பெரிய அறிக்கை தயாரித்துக் கொடுக்க வேண்டும். வருஷத்தில் எத்தனை கருத்தரங்கு நடந்தது, எத்தனை மாணவருக்கு வேலை வழிகாட்டல் தரப்பட்டது, எத்தனை கம்பெனியோடு ஒப்பந்தக் காகிதம் கையெழுத்தாயிற்று என்று எண்ணிக்கை காட்ட வேண்டும். அதற்கு அத்தாட்சி வேண்டும். ஆகவே தேதியும் இடமும் பதிந்த போட்டோ எடுக்கிறார்கள். "ஜியோ டேக்" என்று பெயர். நூறுநாள் வேலையில் மேட் போனைத் தூக்கிக்கொண்டு காலையிலும் மாலையிலும் நம்மை வரிசையாக நிற்கவைத்துப் படம் பிடிக்கிறாரே, அதே கதைதான். மண் வெட்டியவளுக்கு அந்தப் படம் ஏறவில்லையென்றால் கூலி போகும். கல்லூரிக்கு அந்தப் படம் ஏறினால் முத்திரை வரும். முத்திரை வந்தால் கட்டணம் ஏறும், மாணவர் கூட்டம் ஏறும்.

முத்திரையின் யோக்கியதையையும் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் குண்டூரில் ஒரு கல்வி நிறுவனத்திற்கு உயர்ந்த தரம் போட்டுக் கொடுக்க லஞ்சம் வாங்கியதாகச் சோதனைக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. ரொக்கம், தங்கம், மொபைல் போன், லேப்டாப் என்று கைப்பற்றப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. வழக்கு கோர்ட்டில் தீரட்டும். ஆனால் எந்த முத்திரைக்காக நம் பிள்ளைகளை மண்டபத்தில் நாற்காலி நிரப்ப வைக்கிறார்களோ அந்த முத்திரையின் கடைத்தெரு எப்படியிருக்கிறது என்பது இதில் வெட்ட வெளிச்சமாகிவிட்டது.

"சர்வதேச மாநாடு" என்பதும் இந்த ரகமே. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வீடியோவில் பத்து நிமிஷம் முகம் காட்டினால் சர்வதேசம் வந்துவிடும். கட்டுரையை அச்சில் போடுகிறோம் என்று தனியாக ஒரு கட்டணம். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற சஞ்சிகைகள் பெருகியதால் யு.ஜி.சி.யே 2018 மே மாதத்தில் தன்னுடைய பட்டியலிலிருந்து 4,305 சஞ்சிகைகளை நீக்க நேர்ந்தது. அதற்கு முன்னால் அவற்றில் காசு கொடுத்துக் கட்டுரை போட்ட மாணவனுக்குப் பணத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

"திறமை போதாது" என்ற பழைய பாட்டு

மேடையில் என்ன பேசுகிறார்கள்? கம்பெனியிலிருந்து வந்த மனிதர் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சொல்கிறார்: "வேலை ஏராளமாக இருக்கிறது. உங்களிடம்தான் திறமை இல்லை. இங்கிலீஷ் போதாது, கோடிங் போதாது, தன்னம்பிக்கை போதாது." கடைசியில் ஒரு உபதேசம்: "வேலை தேடுகிறவர்களாக இருக்காதீர்கள், வேலை கொடுக்கிறவர்களாக மாறுங்கள்!" கரும்பு வெட்டுகிறவரின் மகள் எந்த முதலை வைத்து வேலை கொடுப்பாள் என்று அந்த மகானுபாவர் சொல்வதில்லை. கைதட்டு வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுகிறார்.

திறமை இருந்தால் வேலை நிற்குமா? டி.சி.எஸ். கம்பெனியைப் பாருங்கள். 2024–25 கணக்கு வருஷத்தில் அதன் நிகர லாபம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். 2025 ஜூலையில் அதே கம்பெனி, தன் ஊழியர்களில் நூற்றுக்கு இரண்டு பேரை, அதாவது 12,000-க்கும் அதிகமானவர்களை, வெளியே அனுப்பப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலை ஊழியர்கள். வருஷக்கணக்கில் உழைத்து அந்த லாபத்தைக் குவித்துக் கொடுத்தவர்கள். காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? திறமை பொருந்தவில்லையாம்! வாசலில் நிற்கிற இருபத்திரண்டு வயதுப் பையனுக்கும் "திறமை போதாது", உள்ளே பல காலம் உழைத்தவருக்கும் "திறமை பொருந்தவில்லை." உள்ளே விடாமல் இருக்கவும் அந்த வார்த்தை, வெளியே தள்ளவும் அந்த வார்த்தை. மில் கதவடைப்பில் "ஆர்டர் இல்லை" என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புரியாத பாஷை அல்ல.

இன்ஃபோசிஸ் கதையையும் கேளுங்கள். 2022-ல் படித்து முடித்தவர்களுக்கு வேலை உத்தரவு கொடுத்துவிட்டு, இரண்டு வருஷத்திற்கு மேல் காக்கவைத்தார்கள். 2024 கடைசியில் மைசூர் பயிற்சி நிலையத்தில் சேர்த்தார்கள். 2025 பிப்ரவரியில், மூன்று தடவை பரீட்சையில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்டவர்களை அங்கிருந்து அனுப்பினார்கள். அந்தக் கணக்கு வருஷத்தில் கம்பெனியின் தலைமை நிர்வாகி பெற்ற ஊதியம் 80 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஆகஸ்டில் காக்னிசண்ட் கம்பெனி மூன்று வருஷப் பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2.52 லட்சம் சம்பளம் என்று விளம்பரம் செய்து ஊர் சிரித்தது. மாதத்துக்கு 21,000, பிடித்தம் போகக் கைக்கு வருவது இன்னும் குறைவு. சென்னையில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக ஊருக்கு எதை அனுப்புவது? பெரிய கம்பெனிகளில் ஆரம்பச் சம்பளம் பத்துப் பன்னிரண்டு வருஷமாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அரிசி விலை நின்றதா, பஸ் கட்டணம் நின்றதா?

மேடையில் இவற்றைச் சொன்னால் பொன்னாடை கிடைக்காது.

பயிற்சிச் செலவு யார் தலையில்?

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஆலைத் தொழிலாளிகள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் பஞ்சாலையானாலும் சிமெண்ட் ஆலையானாலும் ஆளை எடுத்து, உள்ளே வைத்து, வேலையைக் கற்றுக் கொடுத்தார்கள். 1961-ல் வந்த அப்ரண்டீஸ் சட்டப்படி கற்றுக்கொள்கிற காலத்துக்கும் உதவித்தொகை கொடுக்க வேண்டும். கற்றுக் கொடுப்பது முதலாளியின் செலவு. இன்று அந்தச் செலவைக் கம்பெனி கல்லூரியின் மேல் தள்ளுகிறது. கல்லூரி மாணவன் மேல் தள்ளுகிறது. மாணவன் தகப்பன் மேல் தள்ளுகிறான். தகப்பன் கந்துவட்டிக்காரனிடம் போகிறான். கம்பெனிக்கு என்ன வேண்டுமோ அதை நம் காசில் நம் பிள்ளை கற்றுக்கொண்டு வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். அதில் பத்துப் பேரைப் பொறுக்கிக்கொண்டு மற்றவர்களிடம் "திறமை போதாது" என்று சொல்லிவிடலாம். எவ்வளவு மலிவான ஏற்பாடு!

சர்க்காரின் "நான் முதல்வன்" திட்டம் 2022 மார்ச் 1-ல் தொடங்கியது. கட்டணம் வாங்காமல் பயிற்சி என்பதில் நமக்கு விரோதமில்லை. அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது கிடைக்க வேண்டியதுதான். ஆனால் கற்றுக் கொடுக்கிற பொறுப்பு பெரிய கம்பெனிகள், தனியார் பயிற்சி ஸ்தாபனங்கள் கையில் போகிறது. பொதுப் பணத்தில் கம்பெனிக்கு ஆள் தயாராகிறது. ஆளை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கம்பெனிக்கு இல்லை.

கௌரவம் உண்டு, சம்பளம் இல்லை

உண்மையில் கல்வி எங்கே நடக்க வேண்டும்? வகுப்பறையில். அங்கே யார் நிற்கிறார்கள்? அரசுக் கலைக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் "கௌரவ விரிவுரையாளர்கள்." 2019 ஜனவரியில் யு.ஜி.சி. ஒரு பாடவேளைக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று நிர்ணயித்தது. 2024-ல் தமிழ்நாட்டில் அவர்கள் வாங்கியது 25,000. அதுவும் வருஷத்தில் பதினொரு மாதத்துக்கு. ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகிற விருந்தாளிக்குச் சால்வையும் நினைவுப் பரிசும். வருஷம் பூராவும் தொண்டை வறளக் கற்றுக் கொடுக்கிறவருக்கு மே மாதம் பட்டினி. தனியார் கல்லூரி ஆசிரியர்களின் நிலைமை இன்னும் மோசம். அட்மிஷன் காலத்தில் வீடு வீடாகப் போய் மாணவர் பிடிக்கிற வேலையும் அவர்கள் தலையில்தான். இந்த ஆசிரியர்கள்தான் அழைப்பிதழ் அடித்து, நாற்காலி போட்டு, அறிக்கை எழுதி, போட்டோ ஏற்றுகிறார்கள். அவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. அவர்களும் நம்மைப் போலக் கூலிக்காரர்கள்தான். சட்டைதான் இஸ்திரி போட்டது.

குழுமூர் அனிதாவை இந்த ஜில்லா மறக்காது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூ பரீட்சையில் 1,200-க்கு 1,176 மார்க் எடுத்த பெண்ணை, 2017-ல் நீட் என்ற கதவு வெளியே நிறுத்தியது. அவளை நாம் இழந்தோம். திறமைக்குப் பஞ்சம் அரியலூரில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கதவைப் போடுகிறவர்கள்தான் திறமையைப் பற்றி நமக்குப் பிரசங்கம் செய்கிறார்கள்.

எதைப் பற்றிப் பேச வேண்டும்?

கருத்தரங்கே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மடமை. பிள்ளைகள் கூடிப் பேச வேண்டும், வெளியுலகத்தைக் கேட்க வேண்டும். ஆனால் எதைக் கேட்பது?

கம்ப்யூட்டர் என்பது சென்னை, பெங்களூர் கண்ணாடி மாளிகையில் மட்டும் இல்லை. ரேஷன் கடையில் கிழவியின் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிற மெஷின் கம்ப்யூட்டர். 2023 ஜனவரி முதல் நூறுநாள் வேலையில் போட்டோ வருகைப் பதிவைக் கட்டாயமாக்கியதும், 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்று ஆக்கியதும் கம்ப்யூட்டர் வேலையே. கரும்பு வண்டியின் எடை மேடையிலும், சிமெண்ட் ஆலையின் கண்ட்ரோல் ரூமிலும் அதுவே உட்கார்ந்திருக்கிறது. இவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே தவறுகின்றன, தவறினால் ஏன் எப்போதும் ஏழையின் பக்கமாகவே தவறுகின்றன? இதை ஆராய ஒரு கருத்தரங்கு நடத்தட்டும். வெங்காயக் காட்டுக்காரர்களும் வருவார்கள். பாயைப் போட்டு உட்கார்ந்து கேட்பார்கள்.

இன்று எந்த மேடையைப் பார்த்தாலும் "செயற்கை நுண்ணறிவு." அது தானாக முளைத்த அறிவு போலப் பேசுகிறார்கள். 2023 ஜனவரியில் வெளியான ஒரு செய்தி: சாட்ஜிபிடி என்கிற அந்த யந்திரத்தைச் சுத்தப்படுத்துவதற்காக, ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுத் தொழிலாளிகள் மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைந்த கூலியில், மனிதன் படிக்கக் கூசுகிற ஆபாசத்தையும் கொடூரத்தையும் நாள் பூராவும் படித்துத் தரம் பிரித்திருக்கிறார்கள். அந்த நுண்ணறிவுக்கு அடியிலும் கூலி உழைப்பு கிடக்கிறது. நாளைக்கு நம் எம்.சி.ஏ. பட்டதாரிக்கு வரப்போகிற வேலை எது, கண்ணாடி மாளிகை வேலையா அல்லது கென்யத் தோழர்களின் வேலையா? இதை மாணவன் கேட்க வேண்டாமா?

இலவசமாக, தமிழில், கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்க முடியாதா என்றால், முடியும். பக்கத்து விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு என்று இளைஞர்கள் கூடி, காசு வாங்காமல் கற்றுக் கொடுக்கிறார்கள். அங்கே வேலையை நடத்துவது உற்சாகம், குத்துவிளக்குக்குச் செலவில்லை.

இனி நாம் கேட்பது

கல்லூரி நடத்துகிற எந்தக் கருத்தரங்குக்கும் முகாமுக்கும் மாணவரிடம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. அதற்கும் சேர்த்துத்தான் வருஷக் கட்டணம் கட்டியிருக்கிறோம். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுப் பெண் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற விதமாக நிகழ்ச்சியை இழுக்கக் கூடாது. ஆளெடுக்க வருகிற கம்பெனி, சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் வேலை, பாண்டு உண்டா, உத்தரவு கொடுத்த எத்தனை நாளில் வேலையில் சேர்ப்பார்கள் என்பதைத் தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். போன வருஷம் எத்தனை பேரை எடுத்தார்கள், அதில் இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து ஒட்டட்டும். "நூறு சதவிகித வேலை வாய்ப்பு" என்று பலகை வைக்கிறவர்களுக்கு இது பெரிய சிரமமா?

கம்பெனி அதிகாரிக்கு மேடை உண்டென்றால் கம்பெனி ஊழியரின் சங்கத்துக்கும் அதே மேடை வேண்டும். ஐ.டி. ஊழியர்களுக்குச் சங்கம் வைக்க உரிமை இல்லை என்று பல காலம் ஏமாற்றினார்கள். தொழிற்சங்கச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016-லேயே தமிழ்நாடு சர்க்கார் தெளிவுபடுத்திவிட்டது. 2025-ல் டி.சி.எஸ். ஆட்குறைப்பை எதிர்த்து "யுனைட்" சங்கம் குரல் கொடுத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்ததால் சில நாளிலேயே அது வாபஸ் ஆயிற்று. எட்டு மணி நேரம் எப்படி வந்தது, எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்பதைவிடப் பெரிய "வேலைவாய்ப்பு வழிகாட்டல்" ஒரு மாணவனுக்கு உண்டா?

கௌரவ விரிவுரையாளர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கையை நமது கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவியை மேற்படிப்புக்கும் நீட்டச் சொல்லி ஜில்லா கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

இவற்றை மாணவர்கள் மட்டும் கேட்டால், "ஹால் டிக்கெட் வேண்டுமா, வேண்டாமா?" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள். ஆகவே பெற்றோர்கள் கேட்க வேண்டும். தனியாகப் போகாமல் பத்துப் பேராகப் போக வேண்டும். செந்துறை, குன்னம், வேப்பந்தட்டை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதித் தோழர்கள் தங்கள் ஊரில் மேற்படிப்புப் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர், இந்த வருஷம் எந்தெந்தப் பெயரில் எவ்வளவு பணம் கட்டினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது கேளுங்கள். கொடுத்தால் பத்திரமாக வையுங்கள். கொடுக்க மறுத்தால் தேதியையும், மறுத்தவர் எந்த மேஜையில் இருந்தார் என்பதையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.